ரெண்டு வேளைக்கு ஒரு செட்

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் அம்பத்தூர் ஓ.டி. பக்கமோ, ஆவடி மார்க்கெட் பக்கமோ, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கமோ ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர் பைக்கை விட்டு இறங்காமலேயே கேட்பார். "அண்ணே, காய்ச்சலும் ஒடம்பு வலியுமா இருக்கு. ரெண்டு வேளைக்கு ஒரு செட் குடுங்கண்ணே." கடைக்காரர் "சளி இருக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். பிறகு கத்தரிக்கோல் வேலை செய்யும். ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, கூடவே ஒரு அசித்ரோமைசினோ அமாக்சிசிலினோ. எல்லாம் ஒரு சின்ன காகிதக் கவருக்குள். முடிந்தது வைத்தியம்!

இதை வெறும் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, காத்திருப்பில் போகும் அரை நாள் சம்பளம் இதையெல்லாம் கூட்டினால், கடையில் வாங்கும் நாலு மாத்திரை ரொம்ப மலிவு. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவு எழுதப்படுவதே இல்லை. அதை வாங்கியவர் கட்டுவதில்லை, நாளைக்கு ஐ.சி.யூ.வில் படுக்கப் போகும் வேறு யாரோ கட்டுகிறார்கள்.

ஆண்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். ஜலதோஷம், ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி, மழைக்காலத்தில் கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் வீட்டுக்கு வீடு வந்து போகும் டெங்கு, இவை எல்லாமே வைரஸ் வேலை. அங்கே இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாக இறங்கும். பெயர் மாத்திரைக்குப் போகும். இதற்கிடையில் குடலில் குடியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் மருந்துக்குப் பணிகிறவை செத்துவிடும். பணியாதவை மட்டும் மிஞ்சிப் பெருகும். அதுமட்டுமா, மருந்தை எதிர்க்கும் மரபணுவைப் பக்கத்தில் இருக்கும் வேறு வகை பாக்டீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுக்கும்!

இது எங்கேயோ நடக்கும் கதை அல்ல. 2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனம் என்ற கடைசிக் கட்ட ஆண்டிபயாடிக்குகளையே செயலிழக்க வைக்கும் என்.டி.எம்.-1 மரபணு கொண்ட பாக்டீரியா மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கண்டுபிடிக்கப்பட்டதாக அது சொன்னது. பெயரில் 'நியூ டெல்லி' இருந்ததால் நாடு முழுக்க ஒரே கோபம். பெயரைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்த 44 பற்றிப் பேசியிருக்கலாம்.

பேசியவர்களும் இருந்தார்கள். 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி ஒரு திட்டம் வகுத்தன. 'சென்னைப் பிரகடனம்' என்று பெயர். டாக்டர் அப்துல் கஃபூர் இதில் முன்னின்றவர். டாக்டரே இல்லாத கிராமங்கள் இருக்கும் நாட்டில் எல்லா ஆண்டிபயாடிக்கையும் ஒரே நாளில் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்றால் நடக்காது, படிப்படியாகப் போவோம் என்றார்கள். நடைமுறை தெரிந்தவர்கள் எழுதியது என்று படித்தாலே புரியும்.

அடுத்த ஆண்டே மத்திய அரசு 'ஷெட்யூல் எச்-1' பட்டியலை அறிவித்தது. 2014 மார்ச் 1 முதல் அமல். மொத்தம் 46 மருந்துகள். செஃபிக்ஸிம், மெரோபெனம் போன்றவை இதில் உண்டு. இவற்றை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் பழைய 'எச்' பட்டியலிலேயே இருக்கின்றன. ரிஜிஸ்டர் வேண்டாம், ஆனால் சீட்டு கட்டாயம்தான். 2016-ல் மத்திய சுகாதார அமைச்சகம் "பட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள்" என்று பிரசாரம் செய்தது. நல்ல யோசனை. ஆனால் கத்தரித்துக் கொடுக்கும் ரெண்டு மாத்திரையில் சிவப்புக் கோடு எங்கே இருக்கும்? காலாவதி தேதியே கூட வெட்டுப்பட்டுக் கடையிலேயே தங்கிவிடுகிறது.

சரி, டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். அப்புறம்? பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாத்திரை போட்டபின் உடம்பெல்லாம் தடித்தாலோ மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது. ஜெலுசில் மாதிரி வயிற்றெரிச்சல் மருந்தோடும் அப்படித்தான். டாக்ஸிசைக்ளினை நிறைய தண்ணீரோடு போட வேண்டும், போட்டவுடன் படுக்கக்கூடாது, உணவுக்குழாயைப் புண்ணாக்கும். குழந்தைகளின் பவுடர் சிரப்பைக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில், பாட்டிலில் போட்டிருக்கும் கோடு வரை சரியாகக் கலக்க வேண்டும். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு என்று எடுத்து வைக்கவே கூடாது.

எத்தனை நாள் சாப்பிடுவது? 'கோர்ஸை முடிக்காவிட்டால் ஆபத்து' என்று எல்லோரும் கேட்டு வளர்ந்திருப்போம். 2017-ல் பி.எம்.ஜே. இதழில் பிரிட்டன் ஆய்வாளர்கள் அதையே கேள்வி கேட்டார்கள். பல சாதாரணத் தொற்றுகளுக்குக் குறைந்த நாட்களே போதும், தேவைக்கு மேல் சாப்பிடுவதுதான் எதிர்ப்பை வளர்க்கிறது என்பது அவர்கள் வாதம். அதற்காக நோயாளியே நாளைக் குறைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை; டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். காசநோய்க்கு இந்தப் பேச்சே கிடையாது. அங்கே பாதியில் விட்டால் நோய் இன்னும் முரட்டுத்தனமாகத் திரும்பி வரும்.

காசநோய் என்றதும் சேத்துப்பட்டு ஞாபகம் வரும். 1956-ல் அங்கே தொடங்கிய ஆய்வு மையம், ஏழைக் குடும்பங்களின் நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்திலும் மறு பாதியை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரு வருடம் மாத்திரை கொடுத்துப் பார்த்தது. சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். 1959-ல் வெளியான அந்த முடிவு உலகத்தின் காசநோய் வைத்தியத்தையே மாற்றியது. சீட்டும் கண்காணிப்பும் இருந்தால் ஓலைக் குடிசையிலும் மருந்து ஒழுங்காக வேலை செய்யும் என்று நிரூபித்ததே இந்த ஊர்தான்.

இப்போது டாக்டரைப் பார்க்கக் காசு வேண்டும் என்பதும் முழு உண்மை இல்லை. ஈ.எஸ்.ஐ. கார்டு இருப்பவர்களுக்கு டிஸ்பென்சரி உண்டு. தமிழக அரசு 708 நகர்ப்புற நலவாழ்வு மையங்களை அறிவித்து 2023 ஜூனில் முதல் 500-ஐத் திறந்தது. மாலையிலும் டாக்டர் இருப்பார், இலவசம். சிக்கல் வேறு இடத்தில். அங்கே டாக்டர் பரிசோதித்துவிட்டு, "இது வைரல், நிறைய தண்ணி குடிங்க, பாராசிட்டமால் போதும்" என்று அனுப்பினால் பாதிப் பேருக்குத் திருப்தி வருவதில்லை. "இந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியலை" என்று சொல்லிக்கொண்டே அடுத்த தெரு கிளினிக்குக்குப் போவார்கள். அங்கே ஊசியே போடுவார்கள்!