பழைய காரில் பெற்றோல் மணந்தால்

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் பழைய கார் வைத்திருப்போர் பொறுமையாக வாசியுங்கள்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதியில், தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் கொட்டிலுக்குள் கிடந்த மொரிஸ் மைனர், பீட்டில் எல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டு றோட்டுக்கு வந்துவிட்டன. இப்போது மாப்பிள்ளை கார்களும் அவைதான். பார்க்க எங்களுக்கும் ஆசை. வாப்பாவின் மைனர் ஒன்று எங்கள் வீட்டிலும் நிற்கிறது.

ஆனால் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கிறோம்: "பழைய கார் எண்டா பெற்றோல் மணக்கத்தானே செய்யும்." இல்லை. மணக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது. பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரம். தரையோடு தவழ்ந்து கராஜுக்குள் தேங்கி நிற்கும். பக்கத்தில் எரியும் அடுப்போ, ஒரு சிகரெட்டோ போதும்.

மைனரில் காபரேட்டர் இருப்பது சுடச்சுட இருக்கும் மெனிஃபோல்டுக்கு மேலே. மிதவைக் கிண்ணம் நிரம்பி வழிந்தால் எங்கே சொட்டும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கென்றே அந்தக் கார் ஒரு எச்சரிக்கை தரும். சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் காதைக் கொடுங்கள். எஸ்யு பம்ப் டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிறைந்ததும் அடங்க வேண்டும். டாங்கியில் பெற்றோல் இருந்தும் அடங்காமல் அடித்தால் உடனே ஓஃப் பண்ணுங்கள். ஏற்கெனவே மணம் இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம், சாவியைத் தொடாதீர்கள்.

பீட்டிலில் டாங்கி முன்னுக்கு, இன்ஜின் பின்னுக்கு. கார் நீளத்துக்கும் ஓடுகிற பெற்றோல் லைனில் பழுதாவது இரண்டு முனையிலும் இருக்கும் றப்பர் ஹோஸ்கள்தான். விரலால் வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். பெட்டரி பின் சீட்டுக்கு அடியில். மூடி இல்லாவிட்டால், பாரமான மாமா ஒருவர் ஏறி இருக்க, சீட்டின் கம்பிச் சுருள் பெட்டரி முனையில் தொட்டுப் பொறி பறக்கும். சிரிப்பாக இருக்கும், ஆனால் நடக்கிற விஷயம்.

இதைவிடப் பயமான ஒன்று உண்டு. பீட்டிலுக்கும் பல மைனர்களுக்கும் கதவு இரண்டுதான். முன் சீட்டை மடித்தால்தான் பின்னுக்கிருக்கும் பொண்ணும் மாப்பிள்ளையும் இறங்கலாம். சாரியும் நகையுமாக எத்தனை விநாடி பிடிக்கும்? சுற்றிவர வெடி வேறு கொளுத்துகிறார்கள்.

உலர் தூள் தீயணைப்பான் ஒன்று, டிரைவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். டிக்கிக்குள் வைத்து வேலையில்லை. பொனட்டுக்குள் புகை கண்டால் இன்ஜினை நிறுத்தி, முதலில் ஆட்களை இறக்குங்கள். பொனட்டை முழுக்கத் திறந்தால் காற்றுப் புகுந்து நெருப்பு எழும்பும், சிறு இடுக்கால் தூளை அடியுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் பெற்றோல் பரவும். அடங்காவிட்டால் தள்ளிப்போய் 110க்கு எடுங்கள்.

வாற கிழமை கல்யாணமொன்றுக்கு எங்கள் மைனரைக் கேட்டிருக்கிறார்கள். ஹோஸ்கள் மாற்றி முடியும் வரை தருவதாக இல்லை. கோபப்பட்டால் படட்டும்.