காகிதத்தில் நாலாயிரம்

 

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்து வீடு திரும்பிய என்னை வாசலிலேயே எதிர்கொண்டார் என் தங்கையின் கணவர். கையில் ஓர் உறை. "மச்சான், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். இன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு நான் எவ்வளவு அருகில் போனேன் என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

அவருக்கு வயது 34. ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவில் இரண்டாண்டு பயின்று சான்றிதழ் பெற்றவர். பன்னிரண்டு ஆண்டுகளாக ஏ.சி. மெக்கானிக். கம்ப்ரஸர் ஓடும் ஓசையைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். எங்கள் ஊர் முத்துப்பேட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கடற்கரைப் பகுதியில் இருக்கிறது. பங்குனி பிறந்துவிட்டால் அவருக்கு உண்ணவும் உறங்கவும் நேரமிருக்காது. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். நோன்பு நேரத்தில் பள்ளிவாசல் ஏ.சி.க்குக் காசு வாங்கமாட்டார். மற்ற சிலரிடம் வாங்க நினைத்தாலும் கிடைக்காது! கடன் எழுதும் நோட்டு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு தடித்து வருகிறது. ஏழு வயதில் ஒரு மகள், மூன்று வயதில் ஒரு மகன்.

உறையிலிருந்தது ஷார்ஜாவில் ஒரு வேலைக்கான ஒப்பந்தத்தின் நகல். ஏஜெண்ட் சொன்ன சம்பளம் மாதம் 2500 திர்ஹம். அத்துடன் அவர் சொன்ன இன்னொரு சொல்தான் எங்கள் வீட்டையே கலக்கிவிட்டது: "குடும்பத்தோடு போகலாம்."

அந்தச் சொல்லுக்கு நான் ஏன் மயங்கினேன் என்பதை நீங்கள் அறிய வேண்டுமானால் என் அத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எலக்ட்ரீஷியனான அவர் 1982இல் குவைத்துக்குப் போனபோது எனக்கு இரண்டு வயது. நம் கடற்கரை ஊர்களில் சபுராளி வீடு என்றால் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடிதம் வரும்; ஊருக்கு வருபவர் கையில் அத்தா பேசிப் பதிந்த கேசட் வரும். பேசத் தொடங்குமுன் அவர் தொண்டையைச் செருமிக்கொள்வார். முதன்முறை விடுப்பில் வந்தவர் முற்றத்தில் நின்று செருமினார். நானோ கூடத்திலிருந்த டேப் ரிக்கார்டரை நோக்கி ஓடினேன். அதைச் சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். அத்தா மட்டும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

1990 ஆகஸ்டில் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜோர்டானின் அம்மான் நகர் வழியாக விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுள் ஒருவராக, ஒற்றைப் பையோடு அத்தா வந்து சேர்ந்தார். எட்டாண்டு உழைப்பின் பெரும்பகுதி அங்கேயே போயிற்று. வீட்டில் பெரியவர்கள் அழுதார்கள். எனக்கோ, உண்மையைச் சொல்கிறேன், அது கொண்டாட்டமாக இருந்தது. அடுத்த ஆறு ஆண்டுகள் எனக்கு அத்தா இருந்தார். சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தார். ஃபியூஸ் கட்டக் கற்றுக்கொடுத்தார். என் தங்கை பிறந்ததும் அந்த ஆண்டுகளில்தான். 1996இல் ரியாத்துக்குப் போனவர் பத்தாண்டு கழித்துத்தான் முழுதாகத் திரும்பினார். அந்தப் பணத்தில் கட்டிய வீட்டை நம் ஊர் வழக்கப்படி தங்கைக்கு எழுதிக்கொடுத்தார். அந்த வீட்டுக் கூடத்தில்தான் அன்று மாலை நாங்கள் மூவரும் ஏஜெண்டும் அமர்ந்திருந்தோம்.

ஆகவே, பிள்ளைகளைப் பிரியாமல் ஒருவர் பிழைக்கப் போகலாம் என்றதும் என் உள்ளம் முந்திக்கொண்டது. இது அத்தாவுக்குக் கிடைக்காத வாய்ப்பு என்று எண்ணினேன். பிறகுதான் ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதில் சம்பளம் 4000 என்றிருந்தது.

"இரண்டாயிரத்து ஐந்நூறு என்றீர்களே?" என்று கேட்டேன். ஏஜெண்ட் சற்றும் தயங்கவில்லை. "காகிதத்தில் நாலாயிரம், ஹஜ்ரத். கையில் இரண்டாயிரத்து ஐந்நூறு. அப்படிக் காட்டினால்தான் குடும்ப விசா கிடைக்கும். எல்லோரும் செய்வதுதான்" என்றார்.

இதன் உட்பொருளைச் சற்று விளக்குகிறேன். ஐக்கிய அரபு அமீரகத்தில் முன்பெல்லாம் இன்ன இன்ன தொழில் செய்வோர்தான் குடும்பத்தை அழைக்கலாம் என்றிருந்தது. 2019இல் அது மாறியது. இப்போது தொழிலின் பெயரைப் பார்ப்பதில்லை; வருமானத்தைப் பார்க்கிறார்கள். மாதம் 4000 திர்ஹம் ஊதியம் இருக்க வேண்டும். அல்லது 3000 திர்ஹம் ஊதியமும் நிறுவனம் தரும் தங்குமிடமும் இருக்க வேண்டும். கைத்தொழிலாளிக்கு இது திறந்த கதவு. ஊதியத்தை வங்கி வழியாகவே வழங்க வேண்டும் என்று 2009 முதல் அங்கே ஒரு முறையும் இருக்கிறது. அப்படியானால் நாலாயிரம் எப்படி இரண்டாயிரத்து ஐந்நூறு ஆகும்? கணக்கில் நாலாயிரம் விழும். தொழிலாளி ஆயிரத்து ஐந்நூறை எடுத்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

சகோதர சகோதரிகளே, நான் மத்ரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன். பொய்ச்சாட்சியம் எத்தகைய பாவம் என்பதை ஆண்டுக்கு ஆண்டு ஒவ்வொரு வகுப்புக்கும் நடத்துகிறவன். ஆனாலும் அந்தக் காகிதத்தைப் பார்த்த முதல் பொழுதில் அது எனக்குத் தவறாகவே தோன்றவில்லை. பிள்ளைகள் தகப்பனோடு இருப்பார்களே என்ற ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. "பிஸ்மில்லாஹ் என்று போடுங்கள்" என்னும் சொல் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

தேநீர் கொண்டுவந்த தங்கை தட்டை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள். "காக்கா, ஒன்றே ஒன்று கேட்கட்டுமா? அங்கே இவருக்கு வேலை போய்விட்டால் நாங்கள் எத்தனை நாளில் கிளம்ப வேண்டும்?"

ஏஜெண்டுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. இரண்டு மணி நேரமாகச் சம்பளத்தையும் விமானச் சீட்டையும் பேசிக்கொண்டிருந்த ஆண்களான எங்களுள் ஒருவருக்கும் இந்தக் கேள்வி எழவில்லை. "விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று ஏஜெண்டை அனுப்பிவைத்தோம்.

இரவு இஷாவுக்குப் பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இங்கே கடை வாடகை, உதவியாள் கூலி, பெட்ரோல் எல்லாம் போக ஆண்டு முழுவதையும் சராசரி பார்த்தால் அவருக்கு மாதம் 30,000 ரூபாய் நிற்கிறது. தனியாளாக ஷார்ஜா சென்றால், 2500 திர்ஹத்தில் உணவுக்கும் தொலைபேசிக்கும் 700 போக 1800 அனுப்பலாம். திர்ஹத்துக்கு 23 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 41,000 ரூபாய்க்கு மேல். ஆக, பிரிந்திருப்பதற்குக் கிடைக்கும் அதிகப்படி ஏறக்குறைய பதினோராயிரம். ஏஜெண்ட் கேட்பதோ 1,60,000. அதை அடைக்கவே பதினான்கு மாதம் வேண்டும்! (பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே. உரிமம் உண்டா இல்லையா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம். பார்த்தோம். இவர் பெயர் அதில் இல்லை.)

குடும்பத்தோடு போனால்? அங்கேயே குடியிருக்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்தோம். அவர் சொல்லச் சொல்லத் தங்கைதான் எழுதினாள். சிறிய வீட்டு வாடகை 1600. மகளின் பள்ளிக்கு 500. சாப்பாடு 900. மின்சாரம், தண்ணீர், தொலைபேசி 350. போக்குவரத்து 250. குடும்பத்தின் விசா, காப்பீடு ஆகியவற்றை மாதத்துக்குப் பிரித்தால் 200. மொத்தம் 3800. மெய்யாகவே நாலாயிரம் வாங்குபவருக்கே மிஞ்சுவது 200 திர்ஹம். ஊர் வந்துபோகும் விமானச் சீட்டுக்குக் காணாது. கையில் 2500 வாங்குபவர் மாதாமாதம் 1300 திர்ஹம் கடனாளியாவார். "அப்படி வந்தவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டேன். "ஒரு வீட்டைப் பலகை வைத்துத் தடுத்து மூன்று குடும்பம் இருக்கிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதைத் தள்ளிப்போடுகிறார்கள்" என்றார் அவர்.

தங்கையின் கேள்விக்கும் விடை கிடைத்தது. மனைவி மக்களின் இருப்புரிமை கணவரின் விசாவில் தொங்குவது. அது நீக்கப்பட்டால் இவர்களுடையதும் போகும். வெளியேறுவதற்கான அவகாசம் முன்பு முப்பது நாள். 2022இல் அதை நீட்டித்திருக்கிறார்கள். 2023 ஜனவரி முதல் வேலையிழப்புக் காப்பீடும் இருக்கிறது. சாதாரணத் தொழிலாளி மாதம் 5 திர்ஹம் கட்ட வேண்டும். பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கட்டியவருக்கு வேலை போனால் அடிப்படை ஊதியத்தில் 60 விழுக்காடு, அதிகமாகப் போனால் மூன்று மாதம் கிடைக்கும். "அடிப்படை" என்பதைக் கவனியுங்கள். இவருடைய ஒப்பந்தத்தில் அடிப்படை 1500தான், மீதியெல்லாம் படிகள். ஆக 900 திர்ஹம். வாடகையோ 1600.

சட்டம் ஒரே இரவில் குடும்பங்களைப் புரட்டிவிடும் என்பதை நான் என் வகுப்பறையிலேயே பார்த்திருக்கிறேன். சவூதியில் 2017 ஜூலை முதல், வெளிநாட்டு ஊழியர் தம்முடன் வைத்திருக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்ட வேண்டும் என்று வந்தது. ஆண்டுக்கு நூறு கூடி 2020இல் அது 400 ஆயிற்று. மனைவி, இரு பிள்ளைகள் என்றால் மாதம் 1200 ரியால். அந்த ஆண்டுகளில் எங்கள் மத்ரஸாவுக்குப் பாதி ஆண்டில் புதுப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். அலிஃப் பா அழகாக ஓதுவார்கள்; தமிழ் எழுத்துக்களைப் பார்த்தால் விழிப்பார்கள். இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மூன்று மாதம் வரையில் "எப்போது வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன் வீடு மத்ரஸாவுக்கு எதிர்த்தெருவில் இருந்தது.

வேறு நாடுகள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஆஸ்திரேலியாவின் குடியேற்றத் தொழில்களில் குளிர்சாதன மெக்கானிக் வேலை இருக்கிறது. ஒரே விண்ணப்பத்தில் மனைவி மக்களையும் சேர்க்கலாம். ஆனால் வயது 45க்குள் இருக்க வேண்டும். தொழில் திறன் மதிப்பீடு, ஆங்கிலத் தேர்வு இரண்டிலும் தேற வேண்டும். "ஆங்கிலத்தில் கம்ப்ரஸர் என்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும், மச்சான்?" என்று சிரித்துவிட்டார். எனினும் அந்த எண்ணத்தை அவர் முற்றிலும் விடவில்லை. மகளின் ஆங்கிலப் பாடநூலை இரவில் புரட்டுவதாகத் தங்கை சொன்னாள்.

உறையை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஏஜெண்டுக்குக் கோபம். "ஹஜ்ரத் குறுக்கே நின்று கெடுத்துவிட்டார்" என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. குறுக்கே நின்றது நானில்லை என்பது எனக்கல்லவா தெரியும்!

கதை அத்துடன் முடியவில்லை. தொலைபேசியில் பேசினாரே, அந்த ஊர்க்காரர், ஒரு கட்டடப் பராமரிப்பு நிறுவனத்தில் ஆள் எடுப்பதாகப் பத்து நாள் கழித்துச் சொல்லியனுப்பினார். 3000 திர்ஹமும், குடும்பத்தோடு தங்க அந்தக் கட்டடத்திலேயே ஒரு சிறு வீடும். வாடகையின்றிக் கணக்குப் போட்டால் மாதம் 800 மிஞ்சுகிறது. ஏஜெண்ட் இல்லை, அடுத்த மாதம் சென்னையில் திறன் தேர்வு வைத்து நிறுவனமே எடுக்கிறது. செம்புக் குழாயைப் பற்றவைத்துக் காட்ட வேண்டுமாம். அது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை.

முதல் ஆறு மாதம் அவர் மட்டும் போவதென்று முடிவு. அமீரகச் சட்டப்படி சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அது முடிந்தும் குடும்பத்தை அழைக்க இயலாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று தங்கை நிபந்தனை வைத்தாள்; வாய்ச்சொல்லாக அல்ல. கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவர் கையாலேயே எழுதவைத்தாள். சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

இப்போது தாள்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். ஜமாஅத் தஃப்தரில் நிக்காஹ் எழுதியிருப்பது மட்டும் போதாது. 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி பெற்ற சான்று வேண்டும். இவர்கள் மணமான ஆண்டிலேயே பதிந்துவைத்திருந்தது நல்லதாயிற்று. அதிலும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகளிலும் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என வரிசையாக முத்திரை பெற வேண்டும். மகளின் பிறப்புச் சான்றில், ஆங்கிலத்தில் எழுதிய பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அது இல்லை. திருத்திக்கொடுக்க வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்று காலை வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு நானும் உடன் போகிறேன்.