பார்ப்பதற்கென்று ஒரு பயணம்

"பெரியம்மா, உங்களை ஒரு பெரிய பள்ளத்தாக்குப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகப்போறன். கழுதையிலையும் ஏத்துவன்."

என் பெறாமகள் தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது, ஸ்கந்தபுரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் நான் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"கழுதையிலை ஏத்துறதெண்டால் எங்கடை ஊரிலை அதுக்கு வேறை அர்த்தம் பிள்ளை" என்றேன். இருவரும் சிரித்தோம்.

அவள் என் தங்கையின் மகள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் பீனிக்ஸ் நகரில் வேலை செய்கிறாள். அங்கிருந்து காரில் ஏறக்குறைய நான்கு மணித்தியால ஓட்டத்தில் கிராண்ட் கன்யன் என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. கொலராடோ என்ற ஆறு ஐம்பது, அறுபது இலட்சம் ஆண்டுகளாகப் பாலை நிலத்தை அறுத்து அறுத்து உண்டாக்கியது. ஆற்றின் வழியே அளந்தால் நீளம் 446 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரை எங்கள் நாடு முழுவதையும் அதற்குள் நீட்டிக் கிடத்தலாம். ஆழம் ஒரு மைல். அகலம் சில இடங்களில் 29 கிலோமீற்றர். அக்கராயன் குளக்கட்டில் நின்று எட்டிப் பார்த்ததுதான் நான் கண்ட பெரிய பள்ளம்!

எனது வலது முழங்காலில் 2009ஆம் ஆண்டின் செல் துண்டொன்று இன்னும் இருக்கிறது. காலை முழுதாக மடக்க முடியாது. "ஒரு மைல் பள்ளத்துக்குள்ளை நான் எப்பிடி இறங்கிறது?" என்று கேட்டேன். அதற்குத்தான் கழுதை என்றாள். அதுவும் சாதாரணக் கழுதையல்ல, கோவேறு கழுதை. தாய் குதிரை, தகப்பன் கழுதை. மன்னார்த் தெருக்களில் கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளைப் பார்த்திருக்கிறேன். இது அவற்றைவிட உயரம். கால் வைக்கும் இடத்தைப் பார்த்து வைக்கும் பிராணி என்பதால் நூறு வருடங்களுக்கு மேலாக அந்தப் பாதைகளில் ஆட்களை ஏற்றி இறக்குகிறது.

அன்று தொடக்கம் எங்கள் வீட்டில் திட்டம் போடும் வேலை தொடங்கியது. பெறாமகள் விபரங்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்ல, நான் ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதினேன்.

சவாரி இரண்டு வகை. ஒன்று, பள்ளத்தின் அடிவரை இறங்கி இரவு அங்கே தங்கி மறுநாள் ஏறிவருவது. இறங்குவதற்கே ஐந்தரை மணித்தியாலம் சேணத்தில் இருக்கவேண்டும். இடம் கிடைப்பதற்குப் பதினைந்து மாதம் முன்பே பெயர் கொடுக்கவேண்டும். சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் எடுப்பார்கள். மற்றது, இறங்காமல் மேல் விளிம்போடு ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர் போய்வருவது. சேணத்தில் இரண்டு மணித்தியாலம்தான். என் முழங்காலை நினைத்து இரண்டாவதையே தெரிந்தோம்.

நிபந்தனைகளும் உண்டு. உயரம் 4 அடி 9 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. அடுத்த வீட்டுப் பிள்ளை என்னைக் கதவு நிலையோடு நிறுத்திப் பென்சிலால் கோடு கீறி அளந்தாள். 4 அடி 11 அங்குலம். தப்பினேன். நீளக் காற்சட்டை போடவேண்டும். அறுபது வயதில் காற்சட்டை! தைக்கிறவள் நானே என்பதால் எனக்கு நானே ஒன்று தைத்து, கதவைப் பூட்டிவிட்டுப் போட்டுப் பார்த்தேன். உயரத்துக்கும் பெரிய மிருகத்துக்கும் பயப்படக்கூடாது என்றும் இருக்கிறது. "நாங்கள் எதுக்குப் பயப்பிடாமல் இருந்தனாங்கள்? ஆனாலும் வந்து சேர்ந்தனாங்கள்தானே" என்றேன்.

கடினமான நிபந்தனை ஆங்கிலம். வழிகாட்டி சொல்வதை ஆங்கிலத்தில் விளங்கி உடனே செய்யவேண்டும். எனக்கு ஆங்கிலம் பாடசாலையோடு போயிற்று. இப்போது பின்னேரங்களில் அதே பிள்ளை கதிரையில் என்னை இருத்தி "ஸ்டொப்", "லீன் பாக்", "ஹோல்ட் ஒன்" என்று சொல்ல, நான் செய்துகாட்டுகிறேன். முன்னால் போகும் கழுதையோடு ஒட்டிப் போகவேண்டும் என்பதும் பாடம். இவை கோவேறு கழுதைக்குக் காணுமோ என்பதை அங்கே போய்த்தான் அறியவேண்டும். ஏற்றமாட்டோம் என்றால் விளிம்பில் நின்று பார்ப்பேன். காற்சட்டை வீணாகாது.

கொப்பியில் எழுதிய ஒரு நிபந்தனை மட்டும் என்னைச் சில நாள் நித்திரை கொள்ளவிடவில்லை. விளிம்புச் சவாரிக்கு ஏறுகிறவரின் நிறை 102 கிலோவுக்கு மேற்படக்கூடாது. ஆழத்துக்கு இறங்குகிறவருக்கு அதிலும் குறைவு. மிருகத்தின் முதுகு தாங்கவேண்டுமே என்று போட்ட அளவு. எங்கள் எருதுகளுக்கு அப்படி ஒரு அளவு இருக்கவில்லை.

2008இல் நாங்கள் ஸ்கந்தபுரத்தை விட்டு வெளிக்கிட்டபோது மாட்டுவண்டிலில் நெல்மூட்டை, கூரைத்தகரம், தையல் மெசின், மாமியார், இரண்டு பிள்ளைகள். அதற்கு மேல் வழியில் ஏற்றிய இரண்டு கிழவிகள். தருமபுரம், விசுவமடு என்று ஒவ்வொரு இடமாக அவை எங்களை இழுத்தன. ஒவ்வொரு இடத்திலும் சாமான் குறைந்தது, ஆனால் எருதுகள் அதைவிட வேகமாக மெலிந்தன. 2009 தை மாதத்தில் வைக்கோலும் இல்லை, போக வழியும் இல்லை. என் கணவர் கயிற்றை அவிழ்த்து "போங்கோ" என்றார். அவை போகவில்லை. நாங்கள்தான் நடந்து போனோம். சித்திரையில் அவரும் இல்லை.

ஆகவே மிருகத்தின் முதுகில் ஏறிச் சந்தோசத்துக்குப் போவது சரியா என்று மனம் கேட்டது. ஊரிலும் கேட்டார்கள். "கால் ஏலாதவளுக்கு அமெரிக்காவோ" என்றார் ஒருவர். புருசன் இல்லாதவளுக்குக் காற்சட்டையோ என்று கேட்கவில்லை. இன்னும் தெரியாது!

ஒரு இரவு பெறாமகள் வேறொரு கதை சொன்னாள். அந்தப் பள்ளத்தாக்கு வெறும் இடமல்ல. ஹவசுப்பாய் என்ற பூர்வீக மக்கள் அங்கே சோளமும் அவரையும் பூசணியும் விளைவித்து வாழ்ந்தார்கள். கழுதைகள் இறங்கும் பாதையே முன்னர் அவர்கள் நடந்த பாதை. 1882இல் அரசாங்கம் அவர்களுக்கு 518 ஏக்கரை மட்டும் ஒதுக்கியது. 1919இல் தேசியப் பூங்கா வந்தது. பாதை நடுவே இருந்த அவர்களுடைய தோட்டத்திலிருந்து கடைசி ஆளையும் 1928இல் வெளியேற்றினார்கள். அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1975இல் ஒரு சட்டத்தின் மூலம் 185,000 ஏக்கர் நிலம் திரும்பக் கிடைத்தது. அந்தத் தோட்டத்துக்கு 2022இல் அவர்களுடைய பெயரை வைத்தார்கள், ஹவசுப்பாய் தோட்டம் என்று. இன்றும் பள்ளத்தாக்குக்குள் சூப்பாய் என்ற கிராமத்தில் அம்மக்கள் வாழ்கிறார்கள். அங்கே வாகனம் போக வீதி இல்லை. கடிதங்களைக் கோவேறு கழுதைகள்தான் கொண்டுபோகின்றன.

நான் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று வருடம். 2017இல் கேப்பாப்புலவில் எங்கள் பெண்கள் வீதியோரம் குந்தியிருந்து காணி கேட்டது நினைவுக்கு வந்தது. பள்ளத்தின் ஆழத்தைவிட அந்த மக்களின் பொறுமையின் ஆழத்தைப் பார்க்கவே எனக்கு இப்போது ஆசை. "போறன்" என்று அன்றைக்குத்தான் உறுதியாகச் சொன்னேன்.

காலம் குறிப்பதும் இலேசாக இருக்கவில்லை. கோடையில் பள்ளத்தின் அடியில் வெப்பம் 40 பாகைக்கு மேல். மாரியில் விளிம்பில் பனி கொட்டும். விளிம்பு நுவரெலியாவைவிட உயரம். ஐப்பசியில் காலநிலை நல்லது, ஆனால் எங்களுக்குக் காலபோக விதைப்பு. ஆகவே அறுவடை முடிந்து சித்திரை மாதம் என்று வைத்தோம். இரவுக் குளிருக்குத் தடித்த உடுப்பு வேண்டும். வைகாசி 18க்கு முன்பு நான் வீட்டில் நிற்கவேண்டும், அன்றைக்கு அவருக்கு விளக்கேற்றவேண்டும் என்று சொன்னேன். "தெரியும் பெரியம்மா, முதல்லை அந்தத் திகதியைத்தான் குறிச்சு வைச்சனான்" என்றாள்.

விமானச் சீட்டு அவள் செலவு. சவாரிக் காசு என்னுடையது. தையலில் வந்ததை ஒரு பால்மா ரின்னில் போட்டுவருகிறேன். அதை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். விசாவுக்குக் கொழும்பில் நேர்முகம் இருக்கிறது. கிடைக்கலாம், கிடைக்காமலும் விடலாம்.

சகோதரிகளே, எங்களில் பலருக்குப் பத்து நிமிடத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடத் தெரியும். எதை எடுப்பது, எதை விடுவது என்று கையே அறியும். ஆனால் ஒரு இடத்தைப் பார்ப்பதற்கென்று மாதக்கணக்காக யோசித்து, நாள் குறித்து, காசு சேர்த்து ஆயத்தமாவதை இந்த வயதில்தான் பழகுகிறேன். அமெரிக்காதான் என்றில்லை. கோணேஸ்வரமாக இருக்கலாம், நெடுந்தீவுக் குதிரைகளாக இருக்கலாம். ஒரு கொப்பி எடுத்து எழுதத் தொடங்குங்கள்.

என் கொப்பியின் முதற்பக்கத்தில் இரண்டு திகதிகள் இருக்கின்றன. ஒன்று போகும் திகதி. மற்றது திரும்பி வரும் திகதி. முன்னைய பயணங்கள் எதிலும் இரண்டாவது திகதி இருக்கவில்லை.