பங்கில்லாப் பார்வையாளர்

டெல்லியில் ஆய்வு மாணவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் இரவுக் காவல் பார்க்கும் முதியவர் ஒருவர் உண்டு. பிகாரின் சம்பாரண் பகுதியிலிருந்து வந்தவர். மாணவர்கள் அவரைச் சாச்சா என்றே அழைப்பார்கள். இரவு ஒன்பது மணிக்குப் பொது அறையின் கடைசி நாற்காலியில் அமர்ந்து, என்டிடிவி இந்தியாவின் ‘பிரைம் டைம்’ நிகழ்ச்சியைப் பார்ப்பது அவருடைய நெடுநாள் வழக்கம். வாயிற்கதவு அங்கிருந்தே தெரியும் என்பதால் எவரும் மறுப்புச் சொன்னதில்லை. அந்த அலைவரிசையைக் குறிப்பிட அவர் கையாண்ட சொல் ‘அப்னா சேனல்’.

2023இல் ஒரு மாலை, அந்த அறையில் அலைவரிசையின் புதிய தோற்றம் பற்றிப் பேச்சு எழுந்தது. உரிமை கைமாறிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. இந்தூரைச் சேர்ந்த வணிகவியல் மாணவர் அரங்கைப் பாராட்டினார். ஒளியமைப்பு தெளிவாக இருக்கிறது, பின்புறத் திரை பெரிதாகியிருக்கிறது, பழைய அரங்கு அரசு அலுவலகம் போல இருந்தது என்றார். கண்ணுக்கு இதமாக இருப்பதே செய்திக்கும் நல்லது என்று வேறு சிலர் ஒத்துக்கொண்டார்கள். சாச்சாவிடம் கேட்டபோது, “விளக்கெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பேட்டா” என்று மட்டும் சொன்னார்.

விளக்கே இல்லாத ஓர் அரங்கை அவர் பார்த்திருக்கிறார். 2016 பிப்ரவரி 19 அன்று, ஜேஎன்யூ நிகழ்வுகளையொட்டி நாடெங்கும் தொலைக்காட்சி விவாதங்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், ரவீஷ் குமார் தம் நிகழ்ச்சியின் திரையைக் கறுப்பாக்கினார். முகங்களும் அரங்கும் மறைந்தன. விவாதக் கூச்சல்கள் ஒலியாக மட்டும் கேட்டன. அதே ஆண்டு நவம்பரில், அலைவரிசையின் ஒளிபரப்பை ஒருநாள் நிறுத்துமாறு அரசு ஆணையிட்டபோது (அந்த ஆணை பின்னர் நிறுத்திவைக்கப்பட்டது), ஊமைக்கூத்துக் கலைஞர்கள் இருவரை அரங்கில் அமர்த்தி நிகழ்ச்சி நடத்தினார். அந்த இரு இரவுகளிலும் பார்வையாளர் அரங்கின் அழகைப் பற்றிப் பேசவில்லை. தம்மிடம் எதையோ நேராகச் சொல்ல முயல்கிறார்கள் என்பதையே பேசினார்கள். பார்வையாளர் கருத்தில் அரங்கும் உரிமையும் இருவேறு செய்திகள் அல்ல. அரங்கு மாறும்போது அவர் உண்மையில் கேட்பது, இப்போது என்னிடம் பேசுவது யார் என்பதைத்தான்.

அந்தக் கேள்விக்கு ஆவணங்களில் விடை உண்டு. பிரணாய் ராயும் ராதிகா ராயும் 1988இல் தொடங்கிய நிறுவனம் என்டிடிவி. தூர்தர்ஷனுக்கு நிகழ்ச்சிகள் தயாரித்து வளர்ந்தது. 1998 முதல் ஸ்டார் நியூஸுக்குச் செய்தி தயாரித்துத் தந்தது. 2003இல் ஆங்கிலத்திலும் இந்தியிலும் தனக்கென அலைவரிசைகளைத் தொடங்கியது. 2009-10இல் நிறுவனர்களின் முதலீட்டு நிறுவனமான ஆர்ஆர்பிஆர், விஷ்வபிரதான் கமர்ஷியல் என்ற நிறுவனத்திடம் 400 கோடி ரூபாய்க்கு மேல் வட்டியில்லாக் கடன் பெற்றது. அதற்கு ஈடாக, ஆர்ஆர்பிஆரின் ஏறத்தாழ முழுப் பங்குகளாகவும் மாற்றிக்கொள்ளத்தக்க உரிமைப் பத்திரங்கள் கைமாறின. பதின்மூன்று ஆண்டுகள் அவை உறங்கிக் கிடந்தன. 2022 ஆகஸ்ட் 23 அன்று அதானி குழுமம் விஷ்வபிரதானை வாங்கி அந்தப் பத்திரங்களை எழுப்பியது. ஆர்ஆர்பிஆரிடம் இருந்த 29.18 விழுக்காடு பங்கு அதன்வழி குழுமத்தின் பக்கம் வந்தது. நவம்பர் 30 அன்று ரவீஷ் குமார் விலகினார். டிசம்பர் இறுதியில் நிறுவனர்கள் தம் சொந்தப் பங்குகளிலும் பெரும்பகுதியை விற்றார்கள்.

இந்தூர் மாணவரின் வாதம் இங்கேதான் வலுப்பெற்றது. கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் நிறுவனர்கள். நிபந்தனை அன்றே எழுதப்பட்டிருந்தது. செய்தியறையில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். புதிய முதலீடு வந்ததால்தான் ராஜஸ்தானுக்கும் மத்தியப் பிரதேசம்-சத்தீஸ்கருக்கும் தனி அலைவரிசைகள் வந்தன என்றார். பிறகு சாச்சாவை நோக்கி, “அந்தச் செய்திக்கு என்று நாம் தனியாக என்ன கொடுத்தோம், சாச்சா? விளம்பரக்காரர்தானே கொடுத்தார்?” என்று கேட்டார். கேள்வியில் ஏளனம் இல்லை. சாச்சா சற்று நேரம் யோசித்து, “பத்து வருஷம், தினம் ஒரு மணி நேரம் கொடுத்தேன்” என்றார்.

அந்த ஒரு மணி நேரத்துக்குச் சட்டத்தில் பெயர் இல்லை. ஒரு நிறுவனத்தின் 25 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பங்கு ஒருவர் கைக்குப் போனால், மேலும் 26 விழுக்காட்டை வாங்கப் பொது அழைப்பு விடுக்க வேண்டும் என்பது செபியின் விதி. உரிமையாளர் மாறும்போது சிறு பங்குதாரர் விரும்பினால் விற்று வெளியேற வழி இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அவ்வாறே 2022 நவம்பர் 22 முதல் டிசம்பர் 5 வரை அழைப்பு திறந்திருந்தது. பங்கொன்றுக்கு 294 ரூபாய் விலையில் 8.27 விழுக்காடு பங்குகள் வந்து சேர்ந்தன. பின்னர் நிறுவனர்களுக்கு 342.65 ரூபாய் தரப்பட்டபோது, முன்னதாக விற்றவர்களுக்கும் அந்த வேறுபாடான 48.65 ரூபாயை வழங்குவதாகக் குழுமம் அறிவித்தது. ஆக, பத்துப் பங்கு வைத்திருந்தவரின் கருத்துக்குக் கால அவகாசம் இருந்தது, விலை இருந்தது, குறை நேர்ந்தால் நிரவலும் இருந்தது. பத்து ஆண்டு பார்த்தவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

பார்வையாளரை எண்ணுவதற்கு ஓர் ஏற்பாடு உண்டுதான். சில பல்லாயிரம் வீடுகளில் பொருத்தப்பட்ட கருவிகளைக் கொண்டு பார்க் அமைப்பு பார்வைக் கணக்கை எடுக்கிறது. ஆனால் அது எத்தனை நிமிடம் பார்க்கப்பட்டது என்பதைத்தான் அளக்கும். நம்பிப் பார்த்தாரா, கோபத்தில் பார்த்தாரா என்பதை அறியாது. முறைகேட்டுப் புகாருக்குப் பின் 2020 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை செய்தி அலைவரிசைகளுக்கு அந்தக் கணக்கும் வெளியாகவில்லை.

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. பிரிட்டனில் ஸ்கை நிறுவனத்தை முழுமையாக வாங்க மர்டாக் குடும்பத்தின் ஃபாக்ஸ் முயன்றபோது, அது பொதுநலனுக்கு உகந்ததா என்று ஒழுங்குமுறை அமைப்புகள் ஆராய்ந்தன. பொதுமக்களின் கருத்தையும் கேட்டன. ஊடகப் பன்மைக்கு ஊறு நேரும் என்று 2018 ஜனவரியில் இடைக்கால முடிவு வந்தது. அதே ஆண்டில் காம்காஸ்ட் ஸ்கையை வாங்கியபோது, ஸ்கை நியூஸுக்குப் பத்தாண்டு நிதியும் அதன் ஆசிரியர்குழுச் சுதந்திரத்தைக் காக்க ஒரு வாரியமும் உறுதியளிக்கப்பட்டன. இந்தியாவிலும் ஊடக உரிமை பற்றி 2014 ஆகஸ்டில் ட்ராய் விரிவான பரிந்துரைகளை அளித்தது. அவை சட்டமாகவில்லை.

விடுதியின் விவாதத்துக்குள் மொழியும் இருந்தது. இந்தியின் ‘அப்னா’ பேசுபவரையும் கேட்பவரையும் ஒன்றாக அணைத்துக்கொள்ளக்கூடிய சொல். தமிழ் இந்த உறவை இன்னும் கறாராகப் பிரித்து வைத்திருக்கிறது: ‘நம் அலைவரிசை’ என்றால் கேட்பவரும் உள்ளே, ‘எங்கள் அலைவரிசை’ என்றால் அவர் வெளியே. நாட்டின் செய்தி நிறுவனங்கள் பலவும் விளம்பரத்தில் முதல் பொருளில் பேசுகின்றன. பங்குச் சந்தைக்குத் தரும் அறிக்கைகளில் இரண்டாம் பொருளுக்கு மாறிவிடுகின்றன. இதில் என்டிடிவியின் பழைய உரிமையாளரும் புதிய உரிமையாளரும் வேறல்லர். 2009இன் கடன் ஒப்பந்தத்தை நிறுவனர்கள் பார்வையாளரைக் கேட்டுச் செய்யவில்லை. சாச்சாவின் ‘அப்னா’ என்றைக்குமே ஒருதலையான சொல்லாகத்தான் இருந்தது. அது பொய்யான சொல் என்று ஆகிவிடாது. ஒரு செய்தியறையின் மதிப்பு, கணக்கேட்டில் இடம்பெறாத இத்தகைய ஒருதலை நம்பிக்கைகளால் ஆனது. வாங்குபவர் விலை கொடுப்பதும் அதற்குச் சேர்த்துத்தான்.

இப்போது சாச்சா ஒன்பது மணிக்குப் பொது அறைக்கு வருவதில்லை. வாயிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, கைப்பேசியில் ரவீஷ் குமாரின் யூடியூப் ஒளிபரப்பைப் பார்க்கிறார். அதில் பெரிய அரங்கு இல்லை. ஒரு மனிதர் அமர்ந்து பேசுகிறார். யூடியூபுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு என்று இந்தூர் மாணவர் ஒருமுறை நினைவூட்டினார். தெரியும் என்பது போல் சாச்சா தலையசைத்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் அவர் ‘ரவீஷ்வாலா சேனல்’ என்கிறார். ‘அப்னா’ என்ற சொல்லை அவர் மறுபடி எதற்கும் பயன்படுத்தி எவரும் கேட்கவில்லை.