ஆம்ஸ்டர்டாமும் என் மறதியும்

போன மாசம் நாங்க நாலு பேர் ஆம்ஸ்டர்டாம் போனோம். கால்வாய் ஓரமா ஒல்லி ஒல்லியா வீடுங்க. படிக்கட்டு ரொம்பக் குறுகல். அதனால உச்சியில இருக்கிற கொக்கியில கயிறு மாட்டி, கட்டில், பீரோவை ஜன்னல் வழியா ஏத்துவாங்களாம். (நம்ம ஹாஸ்டலுக்கும் ஒண்ணு வேணும்!)

அப்புறம்தான் சொதப்பல். ஆன் ஃபிராங்க் வீட்டுக்கு டிக்கெட் ஆன்லைன்ல மட்டும்தான், வாசல்ல கிடையாது. போடுறேன்னு சொன்னது நான். மறந்ததும் நானே. தோழி ஒருத்தி அதுக்காகவே வந்திருந்தா. 1944 ஆகஸ்ட்ல பிடிபடுற வரைக்கும் எட்டு பேர் ஒளிஞ்சிருந்தது பின்கட்டுல. தெருவிலேர்ந்து அது தெரியவும் தெரியாது. திட்டுவான்னு பார்த்தேன், திட்டல. பக்கத்துல வெஸ்டர்கெர்க் சர்ச் மணி அடிச்சுது. ஆன் டைரியில எழுதின அதே கோபுரம். "இதையாவது கேட்டாச்சு"ன்னா.

படகு சவாரிக்கு அவ வரல.