தந்தையாரின் வாயிற் கதவு

பொன்விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலராசிரியர் எம்மைக் கேட்டபோது, கல்லூரியைத் தாபித்த பெரியோரைப் பற்றியும் அதிபர்களைப் பற்றியும் எழுதவல்லார் பலர் உளர் என்று கூறி ஒதுங்கவே எண்ணினோம். "அப்படியாயின் உமக்குத் தெரிந்ததை எழுதும்" என்றார் அவர். நாம் பிழைவிட்டுக் கற்றவையே எம் மனத்தில் உறுதியாக நிற்கின்றன. அவற்றுள் ஒன்று, வெயிலிலும் மழையிலும் நிற்கும் மரத்தைக் காக்கும் முறை. மரவேலை வகுப்பிலே நாம் பெற்ற புள்ளிகளை நினைவில் வைத்திருக்கும் நண்பர்கள் இதனைக் கண்டு நகைப்பராயின், அந்நகைப்பு நியாயமானதே.

கோப்பாயின் கிழக்குப் புறத்திலே, வயலும் தரவையும் கடந்து கடனீரேரியை நோக்கிய பக்கத்தில் எமது தந்தையாரின் வீடு உள்ளது. பனங் கைமரமும் சிலாகையும் ஏற்றி ஓடு வேய்ந்த வீடு. அதன் வாயிற் கதவும் நிலையும் முதிர்ந்த வேம்பினாலானவை. கிழக்கு முகமாக நிற்பதாற் காலை வெயில் முழுவதும் அக்கதவிலேயே விழும். வாடைக் காற்றோடு வரும் மழைச் சாரலும் அதன்மீதே அடிக்கும்.

எமது குடாநாட்டிலே மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிற் பெய்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயிலும் சோளகக் காற்றுமே ஆட்சி செய்யும். மழையில் மரம் நீரை உண்டு பருக்கும். கோடையிற் காய்ந்து சுருங்கி வெடிக்கும். வெயிலோ மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் பொருளைச் சிதைத்து மேற்பரப்பை நரைக்கச் செய்யும். உவர்க்காற்றிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருந்து இரும்பாணிகளைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆணியின் துரு அதனைச் சுற்றியுள்ள மரத்தையும் அரிக்கும். இத்தனைக்கும் ஈடுகொடுத்தே இங்கு ஒரு கதவு நிற்கவேண்டியுள்ளது.

தந்தையார் ஆசிரியர். ஆண்டுதோறும் ஆவணி விடுமுறையிலே கதவைக் கழற்றி இரண்டு வாங்குகளின் மேற் கிடத்துவார். நன்னீரால் உப்பைக் கழுவி, இரண்டு நாள் நிழலிற் காயவிட்டு, தேய்த்து, ஆளிவிதை எண்ணெயிலே சிறிது டர்பன்டைனும் காவியும் கலந்து பூசுவார். முதலிற் பூசுவது யாரும் காணாத அடி விளிம்பும் மேல் விளிம்புமாகும். மரத்தின் வெட்டுமுகம் பக்கங்களைக் காட்டிலும் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும் என்பதை அவர் எந்த நூலிற் படித்தாரோ அறியோம். காவி வெறும் நிறத்துக்காக அன்று. அதிலுள்ள இரும்புத் துகள் வெயிலின் கொடிய கதிரைத் தான் ஏற்று மரத்துக்கு நிழல் செய்யும். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணிகளைத் தண்ணீரில் நனைத்து, முற்றத்திலே ஒவ்வொன்றாக விரித்துவிடுவார். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைத்தால் அது தானே சூடேறித் தீப்பற்றக் கூடும். இதனை மாணவர்கள் மறவாதிருக்க வேண்டும்.

இறுதியாக, நிலையின் உட்புறத்திலே பென்சிலால் ஆண்டையும் மாதத்தையும் குறித்துவிடுவார். 1952 ஆவணி, 1953 ஆவணி என அவ்வரிசை கீழிறங்கிச் செல்லும். இளமையில் அது எமக்குக் கிழவர் ஒருவரின் விசித்திரமாகவே தோன்றிற்று.

1973ஆம் ஆண்டிலே தங்கையாரின் திருமணம் தை மாதத்துக்கு நிச்சயமாயிற்று. நாம் அப்போது கொழும்பில் உத்தியோகம். இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய அக்காலத்திலே பெரும்பாடு பட்டு இரண்டு பேணி பளபளக்கும் எனாமல் மையைத் தேடி எடுத்துக்கொண்டு மார்கழி மாதத்தில் ஊர் வந்து சேர்ந்தோம். மழை விட்ட ஒரு நாளிலே, கதவைக் கழற்றாமலே, இரண்டு கை தடிப்பாகப் பூசுவித்தோம். ஓடாவியார் பார்த்து நின்றார். "தம்பி, மரம் இன்னும் ஈரம். நீங்கள் தண்ணியை உள்ளுக்கை வைச்சு மூடுறியள்" என்றார். சம்பந்தி வீட்டார் வருமுன் கதவு ஒளிவிட வேண்டும் என்பதே எமக்குப் பெரிதாக இருந்தது. தந்தையார் ஒன்றும் பேசவில்லை. அவ்வாண்டு ஆவணியிலும், அதற்கடுத்த இரு ஆவணிகளிலும், பூச்சு மினுங்கிக்கொண்டிருந்தபடியால் எண்ணெய் பூசவும் இல்லை.

1976ஆம் ஆண்டு விடுமுறையில் வந்த எம்மைத் தந்தையார் கதவடிக்கு அழைத்தார். பூச்சு அப்போதும் ஒளிவிட்டது. அடிச்சட்டத்தின் மேல் விரலை வைத்து மெல்ல அழுத்தினார். விரல் உள்ளே சென்றுவிட்டது. அதன் பின்பும் அவர் ஒன்றும் பேசவில்லை. அன்று அவர் எம்மை ஏசியிருந்தால் இத்தனை ஆண்டுகள் அது எம்மை வருத்தியிராது.

நடந்தது இதுதான். தடித்த பூச்சு ஒரு தோல் போன்றது. மரம் பருத்தும் சுருங்கியும் அசைய, அதனோடு அசைய இயலாத தோல் பொருத்துக்களிலே மயிரிழையாக வெடிக்கும். அவ்வெடிப்பினூடாகவும் பூசப்படாத அடி விளிம்பினூடாகவும் நீர் புகும். புகுந்த நீர் வெளியேற வழியில்லை. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபதுக்கு உட்பட்டிருக்கும் வரையில் உக்கச் செய்யும் பூஞ்சணம் அதில் வளராது. அதற்கு மேல் ஈரம் தங்கினால் அது விருந்துண்ணும். மை தீயதன்று. காய்ந்த மரத்தில், அடிப்பூச்சு இட்டு, விளிம்புகளை அடைத்து, மெல்லிய கைகளாகப் பூசி, வெடிப்புக் கண்டவுடன் திருத்துவோமாயின் மையும் காக்கும். நாம் ஈரத்தையே பூட்டி வைத்தோம்.

உக்கிய சட்டத்தை ஓடாவியார் அறுத்தெடுத்துப் புதிய வேம்பை ஒட்டினார். நிலை மாத்திரம் பழுதின்றி இருந்தது. அதன் கால்களை மண்ணிற் புதைக்காது பொழிந்த கல்லின்மேல் நிறுத்தியிருந்தமையே காரணம். குளிரும் மழையும் மிகுந்த நோர்வே நாட்டிலே 12ஆம் நூற்றாண்டில் மரத்தாற் கட்டிய தேவாலயங்கள் சில இன்றும் நிற்கின்றன. மண்ணிலே தூண் நட்ட முந்தியவை உக்கிப்போக, கல்லடியின்மேல் எழுப்பியவையே எஞ்சின. அவற்றுக்கும் தேவதாரு இனத்து மரத்தின் தாரைக் காலந்தோறும் பூசி வருகின்றனர். அரபுக் கடலோடிகள் தம் மரக்கலங்களுக்குச் சுறா எண்ணெயை இடைவிடாது பூசினர். எமது வல்வெட்டித்துறையிலே வேம்பு முதலிய மரங்களாற் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பல் 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் குளொஸ்டர் துறையை அடைந்தது. எமது கோயில்களின் தேரையே பாருங்கள். திருவிழாவன்று வெயில் காணும் தேர், ஆண்டின் எஞ்சிய நாளெல்லாம் கொட்டகையின் நிழலில் நிற்கின்றது. மரத்துக்கு முதற் காப்பு கூரை, அடுத்தது கல்லடி, பூச்சு அதற்கும் பின்னரே.

1995ஆம் ஆண்டு ஐப்பசியிலே வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில் நாமும் தந்தையாரோடு தென்மராட்சிக்குச் சென்றோம். அங்கேயே அவர் காலமானார். 1996ஆம் ஆண்டு நடுப்பகுதியில் நாம் திரும்பியபோது ஓடுகள் பல உடைந்திருந்தன. பின்புறத்து யன்னல்கள் இல்லை. பனஞ் சிலாகைகள் சில மழையில் நனைந்து தொங்கின. வாயிற் கதவு நின்றது. உட்புறத்திலே அவரது கையெழுத்தில் இறுதி வரி, 1995 ஆவணி. அவ்வாண்டு அவருக்கு வயது எண்பதுக்கு மேல். அடுத்த வரியை அவ்வாவணியிலே நாம் எழுதினோம். இன்றுவரை ஓர் ஆண்டும் விட்டதில்லை.

இதனை விழா மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. விழா என்றாற் கல்லூரிக்கு மை பூசுவது வழக்கம். வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்களும் அதற்குத் தாராளமாகப் பணம் அனுப்புகின்றனர். அது போற்றத்தக்கதே. ஆயினும், திருமணத்துக்குக் கதவை மினுக்கிய ஒருவரின் அனுபவம் என்ற முறையில் ஒன்று விண்ணப்பிப்போம். விழாச் செலவில் ஒரு பகுதியை வைப்பிலிட்டு, ஆண்டுதோறும் ஆவணி விடுமுறையிலே யன்னல்களையும் கதவுகளையும் ஒருவர் விரலால் அழுத்திப் பார்க்கவும், வேண்டியதைச் செய்யவும், திகதியைக் குறிக்கவும் ஏற்பாடு செய்தல் நன்று. பழைய பூச்சுக்களில் ஈயம் இருக்கக்கூடும் ஆதலால், அவற்றை நனைத்தே தேய்க்க வேண்டும். அவ்வேலையை மாணவரிடம் விடலாகாது.

சென்ற ஆவணியிலே கதவைத் தூக்க எமக்கு வலுப் போதவில்லை. எமது கல்லூரியிற் பயிலும் அயல்வீட்டு மாணவன் வந்து ஒரு பக்கம் பிடித்தான். வேலை முடிந்ததும் பென்சிலை அவன் கையிற் கொடுத்தோம். "ஐயா, எங்கை எழுத?" என்று கேட்டான். இன்னும் இடம் இருக்கின்றது என்று காட்டினோம்.