அண்ணன் காய்ச்சிய பீரும், அம்மாவின் மூக்கும்!

ராத்திரி 2 மணிக்கு பாட்டில் உடைகிற சத்தம் கேட்டால், எங்கள் வீட்டில் யாரும் 'என்ன சத்தம்?' என்று கேட்க மாட்டோம். அப்பா இறந்து 11 வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அந்தச் சத்தத்துக்கு அம்மா எழுந்து உட்கார்ந்து, முதலில் கதவுத் தாழ்ப்பாளைத்தான் பார்ப்பாள்.

போன வருஷம் செப்டம்பரிலும் அப்படித்தான் பார்த்தாள். ஆனால் அது மதுரை இல்லை, அமெரிக்காவில் சியாட்டிலுக்குப் பக்கத்தில் அண்ணன் வீடு. அண்ணிக்குப் பிரசவமாகி, முதல் மூன்று மாசம் பார்த்துக்கொண்ட அவருடைய அம்மா ஊர் திரும்ப, அடுத்த முறை எங்கள் அம்மாவுடையது. துணைக்கு நான், மூன்று வார லீவில்.

சத்தம் கேரேஜிலிருந்து வந்தது. ஓடிப்போய் லைட்டைப் போட்டால், தரையெல்லாம் நுரை, கண்ணாடிச் சில்லு. சுவரோரம் பெட்ஷீட் போட்டு மூடியிருந்தது, அண்ணி வீட்டுச் சீர் பாத்திரம் இல்லை. ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா, ஒரு பிளாஸ்டிக் வாளி, வரிசையாக பாட்டில்கள். அண்ணன் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறான்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் பேசவே இல்லை. "இதுக்குத்தான் பூக்கட்டிப் படிக்க வச்சேனாடா" என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவளுக்கு லீவு உண்டு, வாய்க்கு லீவு கிடையாது. அவனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்: "அப்பாவை அப்படிப் பார்த்துட்டு உனக்கு எப்படிண்ணே மனசு வந்துச்சு?"

"அப்பாவுக்குத் தான் என்ன குடிக்கிறோம்னே தெரியாது பாப்பா. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தானே குடிப்பாரு? எனக்கு இது வாசனைக்காக."

குடிக்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு காரணம் இருக்கும். அதனால் அண்ணியிடமும் விசாரித்தேன். வெள்ளி ஒன்று, சனி ஒன்று என்றார். நம்பினேன். முழுசாக இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978-ல் கையெழுத்திட்ட சட்டத்துக்குப் பிறகு, சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச மத்திய அரசு அனுமதிக்கிறது. இரண்டு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வருஷத்துக்கு 200 காலன், அதாவது சுமார் 750 லிட்டர் வரை. விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் காய்ச்சுவது குற்றம். படித்துவிட்டு யாரும் அண்டாவை இறக்க வேண்டாம்!

பாட்டில் ஏன் வெடித்தது என்று அவன் சொன்னதுதான் எனக்கு முதல் பாடம். பீருக்கு மணம் தருவது ஹாப்ஸ் என்கிற ஒரு கொடியின் பூ. பச்சையாக, குட்டிக் கூம்பு மாதிரி இருக்கும். இதழைப் பிரித்தால் உள்ளே மஞ்சள் பொடி. கசப்பும் எண்ணெயும் அதில்தான் இருக்கின்றன. கொதிக்கும்போதே போட்டால் கசப்பு இறங்கும், வாசம் ஆவியாகிவிடும். சாம்பாரில் கொத்தமல்லித்தழையைக் கடைசியில் தூவுகிற மாதிரி, பழ வாசம் வேண்டுமென்றால் அடுப்பை அணைத்து 80 டிகிரிக்கு ஆறிய பிறகு ஒரு பங்கு, புளித்து முடிகிற சமயத்தில் பச்சையாக இன்னொரு பங்கு போட வேண்டும். அப்படிப் பச்சையாகப் போடும் பூவிலிருக்கும் என்சைம்கள், ஈஸ்ட் சாப்பிடாமல் விட்ட மாவுச்சத்துத் துணுக்குகளையும் சர்க்கரையாக உடைத்துக் கொடுத்துவிடும். ஈஸ்ட் மறுபடி வேலையை ஆரம்பிக்கும். அது அடங்கும் முன் பாட்டிலில் அடைத்து மூடினால், வாயு வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். அண்ணன் அவசரப்பட்டிருக்கிறான்.

அந்தச் சரக்கு வெடிக்காமல் இருந்திருந்தாலும் தேறியிருக்காது என்று அவனே ஒப்புக்கொண்டான். சிட்ரா, மொசைக், சிம்கோ, கேலக்ஸி, நெல்சன் சாவின் என்று ஐந்து ரக ஹாப்ஸைச் சம அளவில் போட்டிருந்தான். ஒவ்வொன்றும் தனியாகப் பிரமாதமாம். சிட்ராவில் மாம்பழமும் சாத்துக்குடியும், நெல்சனில் வெள்ளைத் திராட்சை, கேலக்ஸியில் பேஷன் ஃப்ரூட். ஐந்தும் சேர்ந்ததும் எதுவுமே இல்லை. "அஞ்சு பேரும் மைக்கைப் பிடிச்சுப் பேசுன மாதிரி இருந்துச்சு."

மூன்றாம் நாள் அம்மா துணி துவைக்கக் கேரேஜுக்குப் போனாள். வாஷிங்மெஷின் அங்கேதான் இருக்கிறது. போனவள் வெகுநேரம் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மேஜையில் பிரித்து வைத்திருந்த ஒரு பாக்கெட்டில் மூக்கை நுழைத்திருந்தாள்.

"இது என்ன, மாட்டுத் தீவனம் மாதிரி இருக்கு, மாங்காய் வாசம் வருது?"

பூவை அரைத்துக் குச்சி குச்சியாக அழுத்தியிருப்பார்கள். பார்வைக்குத் தீவனமேதான். அண்ணன் பயந்துகொண்டே பக்கத்தில் வந்து, "பூம்மா" என்றான்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. 20 வருஷம் மாட்டுத்தாவணியிலிருந்து உதிரிப்பூ வாங்கிவந்து கட்டியவள். உள்ளங்கையில் இரண்டு குச்சியைப் போட்டுத் தேய்த்து, சூடேறியதும் முகர்ந்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. ஹாப்ஸ் வாங்க வருகிறவர்கள் வயலில் செய்வதும் இதையேதான்.

சிட்ராவை வைத்து, "இது மாங்காய். நல்லா இருக்கு, ஆனா கொஞ்ச நேரத்துல திகட்டும்" என்றாள். மாம்பழத்திலும் ஹாப்ஸிலும் மிர்சீன் என்கிற ஒரே எண்ணெய்ப் பொருள் உண்டு என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சிம்கோவை முகர்ந்து, "சாம்பிராணி மாதிரி, மரத்துப் பிசின். பின்னாடி பூனை மூத்திரம்" என்றாள். அண்ணன் சிரித்துவிட்டான். ஹாப்ஸில் தயால் என்ற கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. துளியிலும் துளி இருந்தால் கொய்யா வாசம், கூடினால் பூனை! மொசைக் பாக்கெட்டை மட்டும் தூரத் தள்ளினாள். "வெங்காயத் தோலு. இதைப் போடாத."

"அதுதாம்மா விலை அதிகம்."

"காசு கொடுத்தா வாடை போயிருமா?"

மொசைக்கைக் கொடியில் அதிக நாள் விட்டுப் பறித்தால் வெங்காயம், பூண்டு வாடை வருமாம். ரகம் ஒன்றேயானாலும் பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு மாறும். அண்ணன் லேபிளைப் படித்துக் கலந்திருந்தான். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

"மல்லியை மட்டும் நெருக்கமாக் கட்டினா தலைவலிதான் வரும். ஊடால மருக்கொழுந்து வைக்கணும். அதுக்காக மருக்கொழுந்தையே முழத்துக்கும் வைப்பியா?"

அவ்வளவுதான் சொன்னாள். துணியைக் காயப்போடப் போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் காரில் யாக்கிமா பள்ளத்தாக்குக்குப் போனோம். அமெரிக்க ஹாப்ஸில் பெரும்பங்கு விளைகிற இடம், அறுவடை நேரம். கார் கண்ணாடியை இறக்கியதும் ஊரே வாசம். அம்மா பிறந்தது சோழவந்தான். வயலைப் பார்த்ததும், "வெத்திலைக் கொடிக்கால்டா இது!" என்றாள். இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே கம்பியிலிருந்து தொங்கும் கயிற்றில் கொடி சுற்றி ஏறியிருந்தது. அறுத்த வரிசையின் ஓரத்தில் கிடந்த கயிற்றுத் துண்டை எடுத்துத் திரித்துப் பார்த்தாள். தேங்காய் நார். பெரும்பாலும் இலங்கையிலிருந்து கப்பலில் வருகிறதாம். அதைக் கீழே போடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பும் வழியில், சிம்கோவின் மகள்தான் மொசைக் என்று அண்ணன் சொன்னான். சிம்கோ 2000-ல் வந்தது, அதை ஒட்டிப் பிறந்த மொசைக் 2012-ல். "அப்ப தாயும் மகளும் ஒத்துப்போகும்" என்று அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். வந்ததிலிருந்து அவளாக அவனிடம் பேச்செடுத்தது அதுதான் இரண்டாவது முறை.

அடுத்த சனிக்கிழமை காய்ச்சினான். 19 லிட்டருக்குப் பச்சையாகப் போட சிட்ரா 90 கிராம், புது பாக்கெட் மொசைக் 45, சிம்கோ 30. மாம்பழம் முன்னால் நிற்கும், மொசைக் அதற்குக் கொய்யாவும் நாவலும் சேர்க்கும், சிம்கோவின் பிசின் வாசம் இனிப்பைத் திகட்டவிடாமல் பிடிக்கும் என்பது கணக்கு. மூன்று நாள்தான் ஊறவிட வேண்டும். அதற்கு மேல் போனால் பச்சிலையைக் கடித்த மாதிரி துவர்க்கும். ஹைட்ரோமீட்டர் அளவு மூன்று நாள் தொடர்ந்து மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைப்பதாக அம்மாவிடம் சத்தியம் செய்தான். நான் அதற்குள் சென்னை திரும்பிவிட்டேன்.

அக்டோபர் கடைசியில் வீடியோ கால். பாட்டிலைத் திறந்து கிளாஸில் ஊற்றிக் காட்டினான். மாம்பழ ஜூஸ் மாதிரி கலங்கலான மஞ்சள். பின்னால் அம்மா குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். கிளாஸ் பக்கம் திரும்பவில்லை.

"வெங்காய வாடை வருதாடா?"

"இல்லம்மா."

"எத்தனை பாட்டில்?"

"நாப்பத்தெட்டு."

"எத்தனை நாளைக்கு?"

அவன் தயங்கினான். பழ வாசம் தூக்கலான இந்த வகை பீரை வைத்திருந்து குடிக்க முடியாது. ஆக்சிஜன் பட்டால் நிறம் பழுப்பாகும், மணம் செத்து அட்டைப்பெட்டி வாசம் வரும். "ஒன்றரை மாசத்துல காலி பண்ணணும்மா" என்றான். அம்மா நின்றுவிட்டாள். குழந்தை சிணுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஃப்ரெண்ட்ஸுக்குக் கொடுத்துருவேன்மா. முக்காவாசி அவங்களுக்குத்தான்."

"உங்கப்பாவும் ஃப்ரெண்ட்ஸுக்குத்தான்டா வாங்குவாரு."

கால் கட் ஆனது. நெட்வொர்க்கா, அவனா என்று நான் கேட்கவில்லை.

அம்மா டிசம்பரில் மதுரைக்கு வந்துவிட்டாள். பொங்கலுக்கு நான் ஊரில் இருந்தபோது அண்ணன் ஒரு போட்டோ அனுப்பினான். பெரிய வாளி இல்லை, ஊறுகாய் ஜாடி அளவுக்கு ஒரு கண்ணாடிக் குடுவை. ஒரு காலன், நாலு லிட்டருக்கும் குறைவு. பத்து பாட்டில் தேறும். 'இனிமே இம்புட்டுதான்னு அம்மாட்ட சொல்லு' என்று கீழே எழுதியிருந்தான்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வாசலில் உதிரிப்பூ காத்திருந்தது.

"பூ எவ்வளவு போட்டானாம்?"

"சிட்ரா 18 கிராம், மொசைக் 9, சிம்கோ 6."

நாரை ஈரத்துணியில் துடைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அந்த ஆறை நாலாக்கச் சொல்லு. சின்னப் பாத்திரத்துல பிசின் வாசம் தூக்கும்."